பேரனின் சிலந்திக் குஞ்சுகள்

வளர்ப்புப் பிராணிக்கு உயிருள்ள பூச்சியை இரையாகக் கொடுப்பது நாஞ்சில் நாட்டாருக்குப் புதிதன்று. கோழிக்குஞ்சுக்குச் சிதல் பிடித்துப் போட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. ஆயினும் எழுபதை நெருங்கும் வயதில், கடல் கடந்த ஓர் ஊரில், விரல் நகத்தளவேயான ஒரு சிலந்திக் குஞ்சுக்கு இரை கொடுக்கத் தெரியாமல் தவறிழைத்து, பதினொரு வயதுப் பேரன் முன்னே தலைகுனிந்து நிற்போம் என்று நாம் கனவிலும் எண்ணியதில்லை. இன்று நம் பங்குகளில் பிள்ளைகள் அயல்நாட்டில் இல்லாத குடும்பங்கள் குறைவு. பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் தாத்தா பாட்டிமாருக்கு இது என்றேனும் உதவக்கூடும் என்பதால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறோம்.

2023ஆம் ஆண்டு மே மாதம் நாமும் நம் இல்லாளும் ஜெர்மனிக்குச் சென்றோம். மகள் அங்கே கொலோன் நகருக்கு அருகே ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறாள். போய்ச் சேர்ந்த அன்று மாலையே பேரன் நம் கையைப் பிடித்துத் தன் அறைக்கு அழைத்துச் சென்றான். மேசைமேல் மூடியில் ஊசித்துளைகள் இட்ட இரண்டு சிறு பிளாஸ்டிக் டப்பாக்கள் இருந்தன. உள்ளே பழுப்பு நிறத்தில் ஈரமான தூள். குனிந்து முகர்ந்து பார்த்தோம். நம் ஊர்க் கயிற்றுத் தொழிற்கூடத்தின் மணம்! கதம்பைத் தூள்தான். தென்னை நார்க்கழிவைக் கட்டியாக அழுத்தி, நம் நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேற்றுகிறார்கள். அங்கே அதை நீரில் ஊறவைத்துச் சிலந்திக்கு மெத்தையாக விரிக்கிறார்கள். மலையாளக் கரையோரம் அழுகிக் கிடந்த கதம்பைக்கு வந்த வாழ்வை எண்ணி வியந்துகொண்டிருக்கும்போதே, தூளில் இருந்த ஒரு குழியிலிருந்து எட்டுக் கால்கள் எட்டிப் பார்த்தன. நம் இல்லாள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதன்பின் அந்த அறைக்குள் அவள் அடியெடுத்து வைக்கவேயில்லை.

அவை டாரன்டுலா இனத்துச் சிலந்தியின் குஞ்சுகள். நடு அமெரிக்காவைச் சேர்ந்த, உடலெங்கும் சுருண்ட மயிர் உடைய ஒரு வகை. சாதுவானது என்பதால் முதன்முதலில் வளர்க்கத் தொடங்குவோர் பெரும்பாலும் இதையே வாங்குகின்றனர். பெண்ணாய் இருந்தால் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும். ஆண் பருவமடைந்த பின் நெடுநாள் இராது. "மக்களே, இது உனக்குக் கல்யாணம் ஆகும்போதும் இருக்குமே" என்றோம். "அதனால்தான் தாத்தா, பார்த்து வளர்க்கணும்" என்றான் அவன்.

பெயர்க் கதையையும் சொல்ல வேண்டும். இத்தாலியின் தெற்கே தாரன்தோ என்றொரு நகரம் உண்டு. அங்கே வயலில் திரியும் ஓர் ஓநாய்ச் சிலந்திக்குத்தான் முதலில் இப்பெயர் வழங்கியது. அது கடித்தால் பித்துப் பிடிக்கும், ஆடிப் பாடினால்தான் விஷம் இறங்கும் என்று அவ்வட்டாரத்தார் நம்பினர். கலத்தீனா என்னும் ஊரில் புனித சின்னப்பரின் சிற்றாலயத்துக்கு, அவர் திருநாளாகிய ஜூன் 29ஆம் நாளில், கடிபட்டதாகக் கருதிய பெண்கள் வந்து ஆடிக் குணம் வேண்டுவது அண்மைக் காலம் வரை வழக்கமாயிருந்தது. மால்ட்டா தீவில் விரியன் பாம்பை உதறித் தள்ளியவர் அல்லரோ அவர்! எர்னஸ்தோ தெ மார்தீனோ என்ற இத்தாலிய ஆய்வாளர் 1959இல் அங்கே சென்று கண்டு அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். உண்மையில் அச்சிலந்தியின் கடி அப்படியொன்றும் கொடியதன்று. பின்னர் ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தில் பெரிய மயிர்ச் சிலந்திகளைக் கண்டு, அப்பெயரை அவற்றுக்குச் சூட்டிவிட்டனர்.

ஜெர்மானியர் இதனைப் 'பறவைச் சிலந்தி' என்று அழைக்கிறார்கள். அதற்கும் ஒரு காரணம் உண்டு. பிராங்பர்ட்டில் 1647இல் பிறந்த மரியா சிபில்லா மெரியன் என்ற அம்மையார், 1699இல், ஐம்பது வயதைக் கடந்த பின், மகளை அழைத்துக்கொண்டு தென்னமெரிக்காவின் சுரினாம் நாட்டுக்குக் கப்பலேறினார். அங்குள்ள புழு பூச்சிகளைத் தாமே இரையிட்டு வளர்த்து, அவை உருமாறுவதைப் படம் வரைந்து 1705இல் நூலாக வெளியிட்டார். அதில் ஒரு படத்தில் பெரிய சிலந்தியொன்று தேன்சிட்டு போன்ற குருவியைப் பிடித்துத் தின்கிறது. பெண்பிள்ளையின் கற்பனை என்று பிற்காலத்தார் சிலர் ஏளனம் செய்தனர். ஆயினும் ஹென்றி பேட்ஸ் என்ற ஆங்கிலேயர், அமேசான் காட்டில் அத்தகைய காட்சியைத் தாமே கண்டதாக 1863இல் எழுதினார். ஜெர்மனியின் பழைய 500 மார்க் நோட்டில் இந்த அம்மையாரின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. ஐம்பது வயதுக்குமேல் பூச்சி பிடிக்கக் கடல் கடந்த ஒருத்தியை நோட்டில் அச்சிட்ட அந்த நாட்டாரை நமக்குப் பிடித்துப்போயிற்று.

இனி நம் குற்றத்துக்கு வருவோம்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் பேரனின் வகுப்பை ஒரு வாரச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றார்கள். மகளுக்கோ இரவுப் பணி. ஆகவே சிலந்திகளின் பொறுப்பு நம்மிடம் வந்தது. புறப்படுமுன் அவன் தெளிவாகவே சொன்னான். முதல் டப்பாவில் இருப்பதற்குப் புதன்கிழமை மாலை ஒரே ஒரு சிறு சுவர்க்கோழி போட வேண்டும். இரண்டாவது டப்பாவில் இருப்பதற்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது. ஓரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் மட்டும் விட வேண்டும். "அதன் வயிறு கறுத்துவிட்டது, தாத்தா. சட்டை உரிக்கப் போகிறது. பசிக்காது." நாமும் தலையாட்டினோம். நாற்பது ஆண்டுகள் மாணவரின் தலையாட்டலைக் கண்ட நமக்கு, அதன் மதிப்பு தெரியாமல் போயிற்று.

சுவர்க்கோழிகள் கடையிலேயே கிடைக்கின்றன. வளர்ப்புப் பிராணிகளுக்கான கடைகளில், முட்டைத்தட்டின் துண்டு வைத்த சிறு பெட்டியில், அளவு வாரியாகப் பிரித்து உயிரோடு விற்கிறார்கள். எறும்பளவில் தொடங்கி, நம் அடுக்களையில் இரவெல்லாம் கத்தும் அளவு வரை உண்டு. பேரனிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. சிறியது குஞ்சுகளுக்கு, பெரியது அவன் நண்பன் வளர்க்கும் பல்லிக்கு.

புதன்கிழமை முதல் சிலந்திக்கு இரை கொடுத்தோம். இடுக்கியால் மெல்லப் பிடித்து விட்டதும், கண் இமைப்பதற்குள் அது பாய்ந்து கவ்விக் குழிக்குள் இழுத்துக்கொண்டு போனது. சிலந்தி மென்று தின்பதில்லை. இரையின்மேல் செரிமான நீரை வடியவிட்டு, உள்ளே இருப்பதைக் கூழாக்கி உறிஞ்சிக்கொள்கிறது. மறுநாள் எஞ்சியிருந்தது ஒரு சிறு சக்கை உருண்டை மட்டுமே. பார்க்கப் பார்க்க நமக்கு ஒரே ஆனந்தம். அந்த ஆனந்தமே வினையாயிற்று. மறுநாள் இரண்டாவது டப்பாவைப் பார்த்தோம். குழியின் வாயை நூலால் மூடிக்கொண்டு, அசையாமல் கிடந்தது. கணக்குப் பார்த்தால் பத்து நாளுக்கு மேலாகப் பட்டினி. உண்ணாத பிள்ளையைக் கண்டால் ஊட்டாமல் இருக்கத் தெரியாத வீட்டில் பிறந்தவர்கள் நாம். 'குழந்தை சொன்னதுதானே, வயிறு நிறைந்தால் நல்லதுதானே' என்று எண்ணினோம். சிறியது போதாது, சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும், இரண்டு நாளைக்கு வரும் என்று, பெரிய பெட்டியிலிருந்து ஒரு சுவர்க்கோழியை எடுத்து உள்ளே விட்டு, மூடியை மூடிவிட்டுப் படுக்கப் போனோம்.

காலையில் நூல் திரை கிழிந்திருந்தது. உள்ளே சிலந்திக் குஞ்சு மல்லாந்து கிடந்தது. பழைய சட்டை பாதி கழன்ற நிலை. புதிய உடல் பால்போல் வெளுத்து மென்மையாயிருந்தது. அதன் வயிற்றையும் இரண்டு கால்களையும் காணவில்லை. சுவர்க்கோழி டப்பாவின் மூலையில் நின்று தன் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

இரையாக நாம் இட்டதே வேடனாகிவிட்டது. சட்டை உரிக்கும்போது சிலந்தி மல்லாந்து படுத்துக்கொள்ளும். அப்போது அதனால் ஓடவோ கடிக்கவோ இயலாது. நச்சுப் பற்கள்கூட மெழுகுபோல் மென்மையாயிருக்கும். சுவர்க்கோழிக்கோ எதுவும் உணவுதான். பசியும் தாகமும் இருந்தால், அசையாமல் கிடப்பதைக் கடித்துத் தின்னும். இவையெல்லாம் நமக்குப் பின்னர் தெரியவந்தவை.

மகள் பணி முடிந்து வந்ததும் சொன்னோம். அவள் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, கவலைப்படாதீங்க. அதே கடையில் அதே மாதிரி ஒன்று கிடைக்கும். அவன் வருவதற்குள் வாங்கி வைத்துவிடுவோம். இந்த வயதில் எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும்" என்றாள். அன்பினால் சொன்னதுதான். நாம் வேண்டாம் என்று உடனே சொல்லிவிடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அவளுடன் கடை வரைக்கும் போனோம். வாசலில் நின்றபோதுதான் பேரனின் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு முறை சட்டை உரித்த நாளையும் எழுதி, உரித்த தோலைக் காகிதத்தில் ஒட்டி வைத்திருக்கிறான் அவன். அந்த ஏட்டில் இனி எழுதப்படும் ஒவ்வொரு தேதியும் நம்மால் பொய்யாகிவிடும். திரும்பிவிட்டோம். அந்த ஏடு இல்லாதிருந்தால் திரும்பியிருப்போமா என்பதை இன்றும் நம்மால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

சனிக்கிழமை அவன் வந்தான். பையை இறக்கி வைக்குமுன்பே சொல்லிவிட்டோம். அவன் அழவில்லை. டப்பாவைத் திறந்து நெடுநேரம் பார்த்தான். பிறகு, "அந்தச் சுவர்க்கோழி எங்கே, தாத்தா?" என்று கேட்டான். ஒரு கண்ணாடிக் குவளையில் தனியே அடைத்து வைத்திருந்ததைக் காட்டினோம். தண்டிக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்தோம். அவனோ அதை எடுத்துப் பெட்டியில் விட்டு, ஒரு துண்டு கேரட்டும் நறுக்கி வைத்தான். "அதற்குப் பசி. அது என்ன செய்யும்?" என்றான். அப்புறம் இரண்டு நாள் நம்மிடம் அதிகம் பேசவில்லை. நாமும் பேச்சுக் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை, மிஞ்சிய சிலந்திக்கு இரை கொடுக்கும் நேரத்தில், "தாத்தா, வாங்க" என்று கூப்பிட்டான். நாம் ஓய்வு பெற்ற ஆசிரியர்; அன்று அவன்தான் ஆசிரியன். இரை ஒருபோதும் சிலந்தியின் வயிற்றைவிடப் பெரிதாயிருக்கக் கூடாது என்பதை முதலில் சொன்னான். மிகச் சிறிய குஞ்சு என்றால், பறக்க இயலாதபடி வளர்த்தெடுத்த பழ ஈயையோ, அப்போதே பிறந்த சுவர்க்கோழியையோ கொடுக்கலாம். அதற்கும் அஞ்சி ஒதுங்கினால், இரையைக் கொன்று ஒரு துண்டை மட்டும் குழியருகே வைத்தால் போதும். குஞ்சுகள் செத்ததையும் தின்னும். மாவுப்புழு கொடுப்பதானால் தலையை நசுக்கிவிட வேண்டும். இல்லையேல் தூளுக்குள் புதைந்து மறைந்துவிடும். பிறகு சட்டை உரிக்கும் நாள் பார்த்து வெளியே வரும். எதைப் போட்டாலும் 24 மணி நேரத்துக்குள் தின்னாவிட்டால் எடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லும்போது மட்டும் அவன் நம்மைப் பார்க்கவில்லை.

சட்டை உரித்த பிறகும் உடனே இரை கொடுக்கக் கூடாதாம். புதிய பற்கள் முதலில் வெளுத்திருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுத்து இறுகிய பின்னரே இரை. குஞ்சுக்கு அதற்குச் சில நாட்கள் போதும். வளர்ந்ததற்கு ஒரு வாரம், இரண்டு வாரம் கூட ஆகலாம். அளவுக்கு மீறித் தீனி கொடுத்து வயிறு பெருத்துவிட்டால், சிறு உயரத்திலிருந்து விழுந்தாலும் வெடித்துச் செத்துப்போகும். ஆகவே வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். சிலந்திக்குப் பட்டினி கிடப்பது பெரிய காரியமன்று. நீர் இல்லாமல்தான் அதனால் இருக்க முடியாது. இரையாகப் போகும் சுவர்க்கோழிக்கும் முதல்நாளே கேரட், தானியம் என்று நல்ல உணவு கொடுக்க வேண்டும். அதன் வயிற்றில் இருப்பதுதானே சிலந்தியின் வயிற்றுக்கும் போகிறது!

தோட்டத்திலிருந்து வெட்டுக்கிளி பிடித்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டோம். "மருந்து அடித்திருப்பார்கள், தாத்தா. உள்ளே புழுக்களும் இருக்கலாம்" என்றான். அப்போது நமக்கு நம் பாட்டி நினைவுக்கு வந்தார்.

பூதப்பாண்டிக்கு வடக்கே, மலையடிவாரத்தில் நம் வீடு. பாட்டி ஒரு பழைய மண்கலயத்தில் வைக்கோலும் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்குத் துண்டும் திணித்து, தண்ணீர் தெளித்து, அந்தி வேளையில் சிதல் புற்றின்மேல் கவிழ்த்து வைப்பார். விடிந்ததும் எடுத்துப் பார்த்தால் கலயம் நிறையச் சிதல் மொய்த்துக் கிடக்கும். முற்றத்தில் தட்டினால் கோழிக்குஞ்சுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்து கொத்தும். அதிலும் பாட்டிக்குச் சட்டங்கள் இருந்தன. பொரித்த முதல் சில நாள் குருணைதான், சிதல் இல்லை. நாம் பிடித்துவரும் பெரிய வெட்டுக்கிளியின் முள்ளுக்காலை ஒடித்துப் போட்ட பிறகே குஞ்சுக்குக் காட்டலாம். இல்லாவிட்டால் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். முசிறு எறும்பு இருக்கும் பக்கம் கலயம் வைக்கலாகாது. வாழைக்குக் குருணை மருந்து இட்ட தோட்டத்தில் எடுத்த எதையும் குஞ்சுக்குப் போடக் கூடாது. ஒரு முறை நாம் அதைக் கேளாமல், வாழைத்தோட்டத்தில் பொறுக்கிய புழுக்களைப் போட்டு, ஏழு குஞ்சுகளைச் சாகக் கொடுத்தோம். ஐம்பதாண்டுகள் கடந்து, அதே குற்றத்தை மீண்டும் செய்திருக்கிறோம். இதைப் பேரனிடம் சொன்னோம். "ஏழா?" என்று கேட்டான். அன்றுதான் அவன் முகத்தில் பழைய சிரிப்பு தெரிந்தது.

ஊர் திரும்புமுன் ஒரு நாள் அந்தக் கடைக்கு மறுபடியும் சென்றோம். ஒரு கண்ணாடிப் பெட்டியில் மயில் கழுத்தின் நீலத்தில், கண்ணைப் பறிக்கும் ஒரு சிலந்தி இருந்தது. பெயர்ச்சீட்டைப் படித்துக் காட்டிய பேரன், "இது உங்கள் நாட்டுக்காரி, தாத்தா" என்றான். ஆந்திராவின் குத்தி என்ற ஊர்ப் பெயரோடுதான் அது உலகெங்கும் விற்கப்படுகிறது. குண்டக்கல்லுக்குப் பக்கத்தில் உள்ள இரயில் ஊர். அங்கே இரயில்வே மரக்கிடங்கு ஒன்றில் கிடைத்த ஒரேயொரு சிலந்தியைக் கொண்டு, போகாக் என்ற ஆங்கிலேய அறிஞர் 1899இல் இந்த இனத்தை உலகுக்கு அறிவித்தார். பிறகு நூறாண்டுகள் அது யார் கண்ணிலும் தென்படவில்லை. 2001இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடியும் கண்டார்கள். குத்திக்கு அது மரத்தோடு இரயிலேறி வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். இன்று காட்டில் மிகமிக அருகிவிட்டது. அயல்நாட்டுக் கண்ணாடிப் பெட்டிகளிலோ தலைமுறை தலைமுறையாகப் பெருகுகிறது. இலங்கையிலும் இதன் உறவினங்கள் உண்டு. இக்குலம் முழுவதையும் 2019இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது, அந்தப் பட்டியலில் உள்ள உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. காட்டிலிருந்து பிடித்து வந்து வளர்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

நம் மலையிலும் இந்தக் குலத்தார் இருக்கின்றனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மரப்பொந்துகளில் வாழும் ஒரு வகையையும் அதே போகாக் அதே 1899இல்தான் விவரித்தார். அதுவும் இன்று அழிவின் ஆபத்தில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. மழைக்காலத்தில் மலையடிவார வீடுகளுக்குள் பெரிய மயிர்ச் சிலந்தி எப்போதாவது வந்துவிடும். விளக்குமாறு எடுப்பதுதான் வழக்கம், நாமும் எடுத்திருக்கிறோம்.

சென்ற ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டு விறகுப்புரையில் ஒன்று வந்துவிட்டதென்று கூக்குரல் கேட்டது. உள்ளங்கை அகலம் இருக்கும். இளைஞன் ஒருவன் மண்வெட்டியோடு நின்றான். அவனை விலக்கிவிட்டு, பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மூடி, அடியில் பழைய நாட்காட்டியின் அட்டையைச் செருகி, மேலே ஒரு கல்லையும் வைத்தோம். கையால் தொடவில்லை, நம் மலைச் சிலந்திகளின் கடி, பேரனுடைய சாதுச் சிலந்தியின் கடியைப் போன்றதன்று, கடுமையான வலியும் தசைப்பிடிப்பும் வரும். மழை ஓய்ந்ததும் வாளியோடு தூக்கிச் சென்று, மலைப்பாதை ஓரத்து மரத்தடியில் விட்டோம்.

அன்று இரவு பேரனுக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவன் முதலில் கேட்டது, "வயிறு எப்படி இருந்தது, தாத்தா? கறுத்திருந்ததா?" என்பதுதான். மழையில் சரியாகத் தெரியவில்லை என்றோம். "ஒன்றும் சாப்பிடக் கொடுக்கவில்லையே?" என்றான். "இல்லை மக்களே" என்றோம். சற்று நேரம் கழித்து ஒரு படம் வந்தது. அவனிடம் மிஞ்சியிருந்த சிலந்தி, இப்போது அவன் உள்ளங்கையில் பாதி அளவு, அன்று காலைதான் சட்டை உரித்திருந்தது. பற்கள் இன்னும் வெள்ளையாகவே இருந்தன.